வக்கீல் மேஜையில் ஒரு யந்திரக் குமாஸ்தா

காவேரிப்பட்டினத்தில் காவேரி கிடையாது. ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. பெயரை மட்டும் கேட்டுவிட்டு, இதைச் சோழர்களின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது கடற்கரையில் இருந்த பட்டினம். இது கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர். இரண்டுக்கும் இடையே தமிழ்நாட்டின் அகலம் முழுவதும் கிடக்கிறது.

பெயர் ஒத்துப் போவதால் ஊர் ஒன்றாகிவிடாது. இந்தச் சின்ன விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று வக்கீல்களின் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு புதிய யந்திரத்தைப் பற்றிப் பார்ப்போம்.

புதிய குமாஸ்தா

செயற்கை நுண்ணறிவு என்று இதற்குப் பெயர். சாட்ஜிபிடி போன்றவை 2022-ம் ஆண்டின் கடைசியில் பொது ஜனங்களின் கைக்கு வந்தன. கேள்வியைத் தட்டினால் பதில் எழுதித் தரும். கடிதம் எழுதும், மனு எழுதும், நாற்பது பக்க ஒப்பந்தத்தைப் படித்து நாலு வரியில் சாரம் சொல்லும். ஆங்கிலத்தைத் தமிழாக்கும், தமிழை ஆங்கிலமாக்கும். சம்பளம் கேட்காது; லீவு கேட்காது. நள்ளிரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்காது.

வக்கீல் தொழிலில் பாதிக்கு மேல் எழுத்து வேலைதான். நோட்டீஸ், பதில் நோட்டீஸ், பிராது, எதிர் வழக்குரை, பிரமாண வாக்குமூலம், ஜாமீன் மனு என்று காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதுகிற யந்திரம் வந்தால் அது முதலில் வக்கீல் மேஜைக்கு வருவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால், இந்தக் குமாஸ்தா எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தை அது கற்றிருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கொண்டு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போகிறது. தீர்ப்பு என்றால் வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஆண்டு, பக்க எண் இருக்கும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே, அவை எல்லாம் பொருந்திய ஒரு தீர்ப்பை எழுதிக் காட்டிவிடும். அப்படி ஒரு வழக்கு நடந்ததா என்பது வேறு கேள்வி. சில யந்திரங்கள் இப்போது வலைத்தளங்களைத் தேடிப் பார்த்தும் பதில் சொல்கின்றன. அதனால் பிழை குறைகிறது, ஒழியவில்லை.

பிறக்காத வழக்குகள்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நியூயார்க் நகரில் நடந்ததைக் கேளுங்கள். விமானத்தில் அடிபட்ட ஒரு பயணி, அவியாங்கா என்ற விமானக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் ஆறு தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தன. எதிர்த் தரப்பு தேடிப் பார்த்தது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆறும் யந்திரம் கற்பனை செய்தவை. 2023 ஜூன் மாதம் நீதிபதி கெவின் காஸ்டல் அந்த வக்கீல்களுக்கும் அவர்கள் ஸ்தாபனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

அமெரிக்காவில் நடந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஓசூரிலிருந்து 40 கிலோ மீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு வருவோம். அங்குள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பர் கடைசியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பல நூறு கோடி ரூபாய் சம்பந்தப்பட்ட விவகாரம். உத்தரவில் ஆதாரமாகக் காட்டப்பட்ட தீர்ப்புகளில் சில எந்தத் தொகுப்பிலும் இல்லை. சென்னை ஐகோர்ட்டு வழங்கியதாகச் சொல்லப்பட்ட ஒன்றும் அவற்றில் சேர்த்தி! ஒரு வாரத்துக்குள் தீர்ப்பாயம் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றது. யந்திரத்தின் கைவேலைதான் இது என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது.

அதே பெங்களூரில் 2025 மார்ச்சில் இன்னொரு சம்பவம். ஒரு சிவில் கோர்ட்டு நீதிபதியின் உத்தரவில், சுப்ரீம் கோர்ட்டு சொன்னதாகக் காட்டப்பட்ட தீர்ப்புகள் எந்தக் கோர்ட்டிலும் வழங்கப்படாதவை என்று கர்நாடக ஐகோர்ட்டு கண்டது. வக்கீல்கள் அவற்றை எடுத்துக் காட்டவும் இல்லையாம்! அவை எங்கிருந்து வந்தன என்று விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார் ஐகோர்ட்டு நீதிபதி.

டெல்லியில் 2025 செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு தீர்ப்பின் 73-வது, 74-வது பாராக்களிலிருந்து என்று சொல்லி மனுவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தீர்ப்பு உண்மையானதுதான். ஆனால், அதில் இருப்பதே 27 பாராக்கள்! விஷயம் அம்பலமானதும் மனு வாபஸ் வாங்கப்பட்டது.

இந்த இடங்களிலெல்லாம் எதிர்த் தரப்பிலோ மேல் கோர்ட்டிலோ புரட்டிப் பார்க்க ஆள் இருந்தது, பொய் பிடிபட்டது. புரட்டிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

மாம்பழமும் செக்கும்

காவேரிப்பட்டினம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாங்கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரகக் காயைப் பெங்களூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுக்கிறார். வியாபாரி செக் கொடுக்கிறார். தோப்புக்காரர் அதைத் தம் ஊர் பாங்கியில் போடுகிறார். கணக்கில் பணம் இல்லை என்று செக் திரும்பி வருகிறது.

இப்போது நாள் கணக்கு ஆரம்பமாகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வியாபாரிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தர அவருக்கு அவகாசம். தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். முதல் 30 நாளைக் கோட்டைவிட்டால் வழக்கின் அஸ்திவாரமே ஆடிப்போகும்.

எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடுவது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 2014-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. செக் கொடுத்தவரின் பாங்கி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி நம் தோப்புக்காரர் வாய்தாவுக்கு வாய்தா பெங்களூருக்கு நடக்க வேண்டும். ஆனால், 2015-ல் பார்லிமெண்டு சட்டத்தையே திருத்திவிட்டது. செக்கைத் தம் கணக்கில் போட்டவரின் பாங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ, அந்த எல்லைக்குரிய கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம் என்று ஆனது. பெங்களூர் போக வேண்டாம்; சொந்த ஜில்லாவிலேயே வழக்கு நடக்கும்.

2014 தீர்ப்பு கற்பனை அல்ல. பெயர், தேதி, பக்க எண் எல்லாம் சரியாக இருக்கும். தேடினால் கிடைக்கும். ஆனால், இந்த விஷயத்தில் அதற்கு இப்போது உயிர் இல்லை. பழைய கட்டுரைகளையும் பழைய மனுக்களையும் நிறையப் படித்த யந்திரம், அந்த உயிரற்ற தீர்ப்பைத் தைரியமாக எடுத்து நீட்டக்கூடும். பொய்யான தீர்ப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். காலாவதியான மெய்யைக் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்த ஆபத்து 2024 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் பல மடங்கு பெருகியிருக்கிறது. அன்றுதான் இந்தியத் தண்டனைச் சட்டமும், குற்ற விசாரணை முறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் போய், புதிய மூன்று சட்டங்கள் அமலுக்கு வந்தன. கொலைக்கு 302 என்பது சினிமா பார்த்தவர்களுக்கும் தெரியும். இப்போது அது 103. மோசடிக்கு 420 என்பது வசவாகவே பேச்சில் கலந்துவிட்டது. இப்போது அது 318-ல் அடக்கம். மனைவியின் ஜீவனாம்ச மனுவுக்கு 125 என்பது மாறி 144 ஆகிவிட்டது. பழைய சட்டங்களைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டு எழுத்துக் குவியல் இருக்கிறது. புதியவற்றைப் பற்றி இருப்பது கொஞ்சம். நடந்த சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்று பார்த்துத்தான் பழைய பிரிவா, புதிய பிரிவா என்று முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைக் கேட்காமலே பதில் சொல்கிற குமாஸ்தாவை என்னவென்பது?

'லீவு' வந்த கதை

மூன்றாவது சிக்கல் மொழியில் இருக்கிறது. நம் ராஜ்யத்தில் கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சி தமிழில் பேசுகிறார். ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் நடவடிக்கை ஆங்கிலத்தில். தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படிக்க முடியாத கட்சிக்காரர்கள்தான் இங்கே மிக அதிகம். இந்தக் குறையைப் போக்க, 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு யந்திரத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் கொண்டுவந்தது. 2023 டிசம்பருக்குள் 31,000-க்கு மேற்பட்ட தீர்ப்புகள் இந்திய மொழிகளுக்குப் போயின. அவற்றில் இந்தியில் வந்தவை சுமார் 22,000. தமிழில் வந்தவை ஆயிரத்துச் சொச்சம்தான்.

நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால், அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. மேல்முறையீட்டுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் 'லீவ் கிராண்டட்' என்று எழுதுவார்கள். அதை யந்திரம் இந்தியில் 'விடுமுறை வழங்கப்பட்டது' என்ற பொருளில் பெயர்த்துவிட்டதாம்! சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒருவரே இதை எடுத்துச் சொன்னார். அதனால்தான், யந்திரம் பெயர்த்ததை மனிதர்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள்.

நம் பக்கத்துப் பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்தால் எழுதுவது விடுதலைப் பத்திரம். கிரிமினல் கோர்ட்டில் குற்றவாளி இல்லை என்று அனுப்பினால் அதுவும் விடுதலை. சொல் ஒன்று, சமாசாரம் வேறு. ஒத்தி, போக்கியம், கிரயம், தான செட்டில்மெண்டு, பாகப் பிரிவினை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. தனித்தனி விளைவு உண்டு. ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். தொழிற்பேட்டைகள் வளர வளர நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருக்கிற இடம் அது. அங்கே ஒரு சொல் பிசகினால் நிலம் பிசகிவிடும். காவேரிப்பட்டினமும் காவிரிப்பூம்பட்டினமும் ஒன்று என்கிற தவறு பள்ளிக்கூடப் பரீட்சையில் ஒரு மார்க்கைக் குறைக்கும். பத்திரத்தில் அந்த மாதிரித் தவறு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும்.

பெரிய இடம், சின்ன இடம்

அப்படியானால் இந்த யந்திரமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? அது சரியான முடிவல்ல. பெரிய இடங்கள் ஒதுக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய வக்கீல் ஸ்தாபனங்களில் ஒன்றான சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஹார்வி என்ற சட்டத் துறை யந்திரத்தை 2023-லேயே எடுத்துக்கொண்டது. சட்டப் புத்தகக் கம்பெனிகளும் தங்கள் தீர்ப்புத் தொகுப்புகளோடு இணைத்த யந்திரங்களைச் சந்தா முறையில் விற்கின்றன. இவை ஆதாரத்தோடு பதில் சொல்லும் என்று பெயர். அவற்றிலும் பிழை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் அப்படிப்பட்ட சில யந்திரங்களைச் சோதித்தபோது, 100 கேள்விகளுக்கு 17 முதல் 33 வரை தவறான பதில் வந்தது.

பம்பாய், டெல்லி ஸ்தாபனங்களில் யந்திரம் எழுதியதைச் சரிபார்க்க இளம் வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஜில்லா கோர்ட்டில் தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலின் நிலை என்ன? காலையில் நாலு கோர்ட்டுகளில் நாலு வழக்கு. மாலையில் கட்சிக்காரர் கூட்டம். விலை உயர்ந்த சந்தாவுக்கு வசதி இல்லை. கையில் இருப்பது செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் யந்திரம். ராத்திரி பத்து மணிக்கு அது எழுதித் தந்ததைக் காலையில் தாக்கல் செய்யத் தூண்டுகிறது நேர நெருக்கடி. சரிபார்க்க வசதி குறைந்த இடத்துக்கே பிழை அதிகமுள்ள யந்திரம் வந்து சேருகிறது. அந்தப் பிழைக்குக் கடைசியில் விலை கொடுப்பவர் தோப்புக்காரர்.

வக்கீல் இல்லாமலே யந்திரத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வக்கீல் தவறு செய்தால் அவரைக் கேட்க பார் கவுன்சில் இருக்கிறது. யந்திரத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

இன்னொரு கவலையும் உண்டு. ஜூனியர் வக்கீல் தொழில் கற்றுக்கொள்வது எப்படி? சீனியர் கேட்ட தீர்ப்பைத் தேடி லைப்ரரியில் தூசி தட்டும்போதுதான். ஒன்றைத் தேடப் போய்ப் பத்தைப் படிப்பார். அந்த வேலையை யந்திரத்திடம் கொடுத்துவிட்டால், பத்து வருஷம் கழித்து யந்திரத்தின் தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய சீனியர் எங்கிருந்து வருவார்?

கோர்ட்டுகளின் போக்கு

நீதிபதிகளின் போக்கைப் பார்த்தால் ஒரு பாதை தெரிகிறது. 2023 மார்ச்சில் பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு நீதிபதி அனூப் சிட்காரா, ஒரு ஜாமீன் வழக்கில் சாட்ஜிபிடியிடம் பொதுவான ஒரு கேள்வி கேட்டு, அதன் பதிலை உத்தரவிலேயே குறிப்பிட்டார். வழக்கின் முடிவுக்கு அது ஆதாரம் அல்ல என்றும் தெளிவாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி ஐகோர்ட்டு நீதிபதி பிரதிபா சிங், ஒரு செருப்புக் கம்பெனி வழக்கில், யந்திரத்தின் பதிலை வைத்துச் சட்டப் பிரச்னையைத் தீர்க்க முடியாது என்றார்.

2025 ஜூலையில் கேரள ஐகோர்ட்டு ஒரு படி மேலே போய், ஜில்லா கோர்ட்டுகளுக்கு விதிகளே வகுத்தது. தீர்ப்பையோ முடிவையோ யந்திரத்தைக் கொண்டு எட்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கருவிகளை மட்டுமே உபயோகிக்க வேண்டும். மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர்கள் சரிபார்க்க வேண்டும். எங்கே எதற்கு உபயோகித்தோம் என்று பதிவு வைக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள்.

இவை கோர்ட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. கட்சிக்காரரின் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி வக்கீல்கள்தான் யோசிக்க வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது; புதிய சட்டத்தின் 132-வது பிரிவிலும் இருக்கிறது. குடும்பச் சண்டை விவரங்களையும் ஆதார் எண்ணையும் பத்திரத்தின் படத்தையும் எங்கோ அயல் நாட்டிலுள்ள கம்பெனியின் யந்திரத்தில் ஏற்றினால், அந்த ரகசியத்துக்கு யார் காவல்?

செய்ய வேண்டியவை

இந்தியாவின் ஜில்லா, தாலுகா கோர்ட்டுகளில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. வேலையைக் குறைக்கும் எந்தக் கருவியையும் இந்த நிலையில் உதறித் தள்ள முடியாது. ஈ-கோர்ட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2023-ல் ரூ.7,210 கோடி ஒதுக்கியது. அதில் செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய வித்தைகளுக்கு ரூ.53 கோடிக்கு மேல் உண்டு. இந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜில்லா கோர்ட்டு வக்கீலின் மேஜை வரைக்கும் வந்து சேர வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டங்களும் தமிழ்ப் பத்திர வழக்குகளும் தெரிந்த, உண்மைத் தீர்ப்புகளிலிருந்து மட்டும் ஆதாரம் காட்டுகிற கருவி ஒன்றை ஒவ்வொரு பார் அசோசியேஷன் லைப்ரரியிலும் இலவசமாக வைக்கலாம். கேரளம் வகுத்தது போன்ற விதிகளை, பார் கவுன்சிலும் கலந்துகொண்டு, நம் ராஜ்யத்துக்கும் வகுக்கலாம்.

அதுவரை வக்கீல்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சரிபார்க்க வழி இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் 'ஈ-எஸ்.சி.ஆர்.' தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. யந்திரம் ஒரு தீர்ப்பைச் சொன்னால், அதை அங்கே திறந்து, முழுவதும் படித்து, பின்னால் வந்த திருத்தமோ தீர்ப்போ அதை மாற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மனுவில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிஷ வேலை. கட்சிக்காரர் தரும் பீஸ் அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான்.

பொது ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. செல்போனில் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. வக்கீலிடம் என்ன கேட்கலாம் என்று தயார் செய்துகொள்ள அது உதவும். ஆனால், நாள் கெடு உள்ள காரியத்திலும் கையெழுத்துப் போடுகிற காரியத்திலும் அதன் வார்த்தையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், மலைஜாதியினர், தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு. ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணும் இதைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் வழி சொல்வார்கள்.

தோப்புக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவது வக்கீலிடம். மனுவின் அடியில் கையெழுத்துப் போடுகிறவரும் வக்கீல்தான். நடுவில் உட்கார்ந்து எழுதிய யந்திரத்துக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்து இல்லை. பிழை வந்தால் கூப்பிட்டுக் கேட்க விலாசமும் இல்லை. ஆகவே, யந்திரம் எழுதட்டும். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு வக்கீல் கையெழுத்துப் போடட்டும். திரும்பி வந்த செக்கோடு காவேரிப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வருகிறவர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வருகிறார்.